திரிபலா சூரணம்: வீட்டில் இடித்து, அளவோடு சாப்பிடுவது எப்படி?

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தது திரிபலா. மலச்சிக்கலுக்கு ஆயுர்வேதமும் சித்தமும் காலங்காலமாகக் கொடுத்துவரும் மருந்து இது. காய்ப்பொடிதானே என்று கரண்டி கரண்டியாக விழுங்குகிறவர்களைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. மருந்து என்றால் அளவு உண்டு.

முதலில் சரக்கு. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தோல், தான்றிக்காய்த் தோல், நெல்லிமுள்ளி (உலர்ந்த நெல்லிக்காய்) என்று கேளுங்கள். பூச்சி அரித்தது, பூசண வாடை அடிப்பது வேண்டாம். முழுக்காயாக வாங்கினால் உடைத்து, கொட்டையை நீக்கிவிட வேண்டும். 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பார்கள்: சுக்கில் தோலைச் சீவுகிறோம், கடுக்காயில் கொட்டையை எறிகிறோம். இந்த வேலையில் மட்டும் சோம்பல் கூடாது.

கொட்டை நீக்கிய பிறகுதான் எடை போட வேண்டும். ஒவ்வொன்றிலும் 50 கிராம், சம அளவு. ஒருநாள் வெயிலில் காயவைத்துத் தனித்தனியாக இடியுங்கள். கடுக்காய் எளிதில் மசியாது. பிறகு மூன்றையும் கலந்து மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். இதற்கு வஸ்திரகாயம் என்று பெயர். துணியில் தங்கும் திப்பி தொண்டையில் உறுத்தும். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் அடைத்து, இடித்த தேதியை ஒட்டிவையுங்கள். இடிக்க நேரமில்லாதவர்கள் கடையில் வாங்கலாம். உரிம எண், காலாவதித் தேதி இரண்டும் அச்சிட்டிருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு நாளுக்கு 3 முதல் 6 கிராம். புதியவர்கள் அங்கே தொடங்க வேண்டாம். முதல் வாரம் மட்டமாக அரைத் தேக்கரண்டி போதும். இரவு உணவு முடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பான நீரில் கலக்கிக் குடியுங்கள். முதலில் துவர்க்கும், உப்பு நீங்கலாக மற்ற ஐந்து சுவையும் இதில் உண்டு என்பது வைத்தியர் வழக்கு. காலையில் சிரமமின்றி மலம் கழிந்தால் அதுவே உங்கள் அளவு. வயிறு இரைந்தாலோ பேதியானாலோ குறையுங்கள், நிற்காவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் வைத்தியரைக் கேட்டுத் தொடரலாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் தாமாகச் சாப்பிடக் கூடாது. குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். சர்க்கரைக்கோ, இரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டே தொட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். துவர்ப்புச் சத்து இரும்பை உடலில் சேரவிடாது. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல் இருந்தால் சூரணத்தை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

திரிபலா நீரில் கண் கழுவும் பழக்கமும் உண்டு. வீட்டில் இடித்த பொடியை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்; நுண்துகளும் கிருமியும் கண்ணைக் கெடுக்கும். வாய் கொப்பளிக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு தேக்கரண்டிப் பொடியை ஒரு தம்ளர் நீரில் பாதியாகச் சுண்டவைத்து வடிகட்டி, ஆறியதும் கொப்பளித்துத் துப்புங்கள். அன்றன்று காய்ச்சியதே நல்லது.