இலைப்புள்ளியும் வாடலும் பாக்டீரியாவாலா என்று கண்டறியும் முறை

அழகுச் செடியிலோ மூலிகையிலோ இலைப்புள்ளி தென்பட்டவுடன் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது பரவலான வழக்கம். காரணம் பாக்டீரியாவாக இருந்தால் பெரும்பாலான பூஞ்சைக்கொல்லிகள் பயன்தருவதில்லை. அதற்கு மாறாக, தெளிக்கும்போது தெறிக்கும் நீரே கிருமியை அடுத்த செடிக்குக் கொண்டுசெல்லக்கூடும். எனவே மருந்தைத் தேடுமுன் நோயை இனங்காண வேண்டும்.

காலை ஈரம் உலர்வதற்குள் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பாக்டீரியாப் புள்ளி தொடக்கத்தில் எண்ணெய் பட்ட தாளைப் போல நீர்கோத்து ஒளி ஊடுருவும்படி இருக்கும். பிறகு பெரிய நரம்புகளுக்குள் அடைபட்டுக் கோண வடிவம் பெறும். மஞ்சள் வளையத்தை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம், பூஞ்சைகள் சிலவும் அதை உண்டாக்கும். பூதக்கண்ணாடியில் பூஞ்சை இழைகளோ, புள்ளியின் நடுவே கரும்பொட்டுகளோ தெரிந்தால் ஐயம் பூஞ்சையின் பக்கம் சாய்கிறது. ஆந்தூரியம் என்னும் அழகுச் செடியில், இலை விளிம்பில் நீர் கசியும் நுண்துளைகள் வழியே சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியா நுழைவதால், கருகல் பெரும்பாலும் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவும்.

மருந்துக் கூர்க்கன், செண்டுமல்லி போன்றவை மண்ணில் ஈரமிருந்தும், இலை பச்சையாக இருக்கும்போதே வாடினால் ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவால் வரும் வாடல் நோயை ஐயுறலாம். தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டைக் கூர்மையான கத்தியால் வெட்டி, வெட்டுமுனை மட்டும் மூழ்குமாறு, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் போன்ற வெண்ணிழைகள் கீழிறங்கினால், அது தண்டில் நீரைக் கொண்டுசெல்லும் கடத்துதிசுவில் பெருகியுள்ள பாக்டீரியாவின் கசிவு. இழை தோன்றவில்லை என்பதால் மட்டும் நோய் இல்லையென முடிவுகட்ட வேண்டாம். நித்தியகல்யாணி போலப் பால் வடியும் செடிகளில் இச்சோதனை ஏமாற்றும். நலமான செடியின் தண்டையும் அருகில் தொங்கவிட்டு ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு கத்தியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்கத் தவறாதீர்கள்.

சோற்றுக்கற்றாழையின் அடிப்பகுதி நீர்த்துக் குழைந்து துர்நாற்றம் வீசினால் பாக்டீரியாவால் வரும் மென்னழுகலாக இருக்கலாம். ரோஜாவின் தண்டும் வேரும் சேரும் இடத்தில் சொரசொரப்பான கழலை இருந்தால் கழலையை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியம் என்னும் பாக்டீரியாவை எண்ணுங்கள். மெல்லிய வேர்கள் மணிகோத்தாற்போல வீங்கியிருந்தாலோ அது பெரும்பாலும் பாக்டீரியா அல்ல, மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுவின் வேலை.

கண்ணால் பெறும் முடிவு வலுவான ஐயம் மட்டுமே, உறுதிப்படுத்துவது ஆய்வகம். நோயும் நலமும் சந்திக்கும் ஓரத் திசு இடம்பெறும்படி, மருந்து தெளிக்காத இளம் புள்ளிகளைத் தேர்ந்து, உலர்ந்த தாளில் சுற்றி அன்றே அனுப்புங்கள். ஈரத்தோடு பாலித்தீன் பையில் அடைத்தால் அழுகலில் வாழும் பிற கிருமிகள் பெருகி உண்மையான நோய்க்கிருமியை மறைத்துவிடும்.