ஈறு நோய்க்கு டீப் கிளீனிங்: அளவில் தொடங்கி அளவில் முடிய வேண்டிய சிகிச்சை

உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மட்டும், ஈறுக்கடியில் வேர் வரை சுத்தம் செய்யும் டீப் கிளீனிங் தேவை என்று சொல்ல முடியாது, அளந்தாக வேண்டும். மில்லிமீட்டர் கோடுகள் உள்ள புரோப் என்னும் மெல்லிய அளவுக்கருவியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, ஒவ்வொரு பல்லையும் சுற்றி 6 இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். 3 மி.மீ. வரை இயல்பு. 4 மி.மீ.க்கு மேல் போய், எக்ஸ்ரேயிலும் எலும்பு கரைந்திருந்தால் வேர் வரை சுத்தம் செய்ய வேண்டும். அந்த அளவுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு, சிகிச்சை பலித்ததா என்பதற்கு அதுதான் சாட்சி. புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தக்கசிவு குறைவாகவே தெரியும். கசிவு இல்லை என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

போகும் முன் மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவை. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு ஆறுவது தாமதமாகும். வழக்கமான உணவையும் மருந்தையும் முடித்துக்கொண்டே போங்கள்.

சிகிச்சையில் முதலில் மரத்துப்போக ஊசி. பிறகு தண்ணீர் பீய்ச்சும் அல்ட்ராசோனிக் முனையால் ஈறுக்கடியில் இறுகிய காரையை உடைப்பார்கள். மிச்சத்தைக் கியூரெட் என்னும் வளைந்த கைக்கருவியால் சுரண்டுவார்கள். கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு ஒரு வளைவு, பின்பக்கத்துக்கு வேறு. பெரும்பாலும் ஒரு தடவைக்கு வாயின் கால்பகுதி அல்லது ஒரு பக்கம். ஊசி போடாமல் 20 நிமிடத்தில் முழு வாயும் முடிந்துவிட்டால், அநேகமாக நடந்தது ஈறுக்கு மேலே மட்டும் காரையை எடுக்கும் சாதாரண ஸ்கேலிங்தான்.

மரப்பு தெளியும்வரை மென்று சாப்பிட வேண்டாம், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். இரண்டு மூன்று நாள் வலியும் லேசான கசிவும் இருக்கும். குளோர்ஹெக்ஸிடின் 0.2% என்னும் கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பு மருந்து கொடுத்தால் 10 மி.லி., ஒரு நிமிடம், காலையும் இரவும், இரண்டு வாரம் போதும். நீட்டித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். பல் துலக்கி அரைமணி நேரம் கழித்தே கொப்பளியுங்கள்.

‘கிளீன் பண்ணினதால பல்லு ஆடுது, சந்து விழுந்துடுச்சு’ என்று பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். இந்தப் பயத்தில் பற்களையே இழப்பதுதான் மிகவும் வருத்தமானது. எலும்பு முன்பே இறங்கிவிட்டது. சந்தை அடைத்திருந்த காரையும் ஈறின் வீக்கமும் அதை மறைத்திருந்தன. வீக்கம் வடிந்ததும் வேர் வெளியே தெரிகிறது. அதனால் வரும் கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் 5% உள்ள பேஸ்ட் உதவும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

அந்தச் சந்துகளுக்குள் சாதாரண பிரஷ் நுழையாது. இடைப்பல் பிரஷ் வாங்கி, லேசாக உரசிப் போகும் அளவாகப் பார்த்து, தினம் ஒருமுறை ஒவ்வொரு சந்திலும் உள்ளும் வெளியுமாக ஓட்டுங்கள். தளர்வாகப் போனால் பயனில்லை, திணித்தால் ஈறு கிழியும். இதை விட்டுவிட்டால் கிருமிப்படலம் மறுபடி வேரில் படிந்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பை மீண்டும் ஆழமாகும்.

6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பழைய அளவுகளோடு ஒப்பிட்டு, 4 மி.மீ.க்குள் அடங்கிக் கசிவும் நின்றிருந்தால், ஆரம்பத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம் போதும். 6 மி.மீ. பைகள் மிஞ்சியிருந்தால் கருவி அடிவரை எட்டியிருக்காது. அந்தப் பற்களுக்கு மட்டும் ஈறைத் திறந்து செய்யும் ஃபிளாப் அறுவை பற்றி ஈறு நிபுணரிடம் கேளுங்கள்.