ஏபிஜியில் (தமனி ரத்த வாயுப் பரிசோதனையில்) பிஎச்சின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்

மெட்டபாலிக் அசிடோசிஸ் (பைகார்பனேட் குறைந்து ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவது) என்று தெரிந்ததும், பிஎச்சில், அதாவது ரத்தத்தின் அமில-கார அளவில், புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கத்தையும் கார்பன் டை ஆக்சைடு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பிஎச் 7.25 என்றால் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 25 mmHg இருக்க வேண்டும், இருந்தால் நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி அமிலத்தைச் சரியாகவே ஈடுகட்டுகிறது. பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டும் வழக்கமான கணக்கும் இந்த அளவுகளில் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் தருகிறது, அதனால்தான் இந்தக் குறுக்குவழி எடுபடுகிறது. மூச்சு வாங்கும் நோயாளிக்கு பிஎச் 7.22, கார்பன் டை ஆக்சைடு 38 என்று வந்தால், 38 நார்மல்தானே என்று தாளை மடித்து வைத்துவிடாதீர்கள்; 22 அளவில் இருக்க வேண்டியது அது, அவர் மூச்சு வாங்கியே களைத்துப்போய்க்கொண்டிருக்கலாம். கார்பன் டை ஆக்சைடு எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் கூடவே ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ் (அதிக மூச்சால் கார்பன் டை ஆக்சைடு குறைவது) இருக்கிறது, செப்சிஸை (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலையை) நினையுங்கள். அப்புறம், அதே தாளில் பொட்டாசியமும் வந்திருக்கும்; அது ஏறியிருந்தால் இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம் என்பதால் உடனே ஈசிஜியில் (இதய மின்பதிவில்) டி அலை கூர்மையாக நிமிர்ந்திருக்கிறதா, க்யூஆர்எஸ் என்ற அலைத்தொகுதி அகன்றிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஈசிஜி நார்மல் என்பதால் பொட்டாசியத்தை விட்டுவிடக் கூடாது.

பிஎச் 7.10க்குக் கீழே போனால் இந்த இரண்டு இலக்க வழி பொருந்தாது. பிரச்சினையே நுரையீரலில் என்றாலும், நோயாளி வென்டிலேட்டரில் இருந்தாலும் இதை விட்டுவிடுங்கள். அசிடோசிஸ் இப்போதுதான் ஆரம்பித்திருந்தாலும் நம்ப முடியாது, முழுதாக ஈடுகட்ட உடலுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். மெஷின் கார்பன் டை ஆக்சைடை கிலோபாஸ்கலில் காட்டினால் முதலில் 7.5ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.