பிரிவது என்று ஆன பிறகு: சமரசப் பேச்சுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

‘மறுபடி சேர்த்து வைக்கப் பார்ப்பார்களோ?’ சமரசம் என்றதும் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். இங்கே சொல்லப்போவது அது இல்லை. பிரிவது என்று ஆன பிறகு பிள்ளைகள் எந்த நாளில் யாரிடம், வீடு என்ன ஆகும், கடனை யார் கட்டுவது, ஜீவனாம்சம் எவ்வளவு என்பதையெல்லாம் ஒரு சமரசரை நடுவில் வைத்துக்கொண்டு நீங்களே பேசி முடிக்கும் வழி இது. சமரசர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், யார் பக்கம் நியாயம் என்றும் சொல்ல மாட்டார். சொல்கிறார் என்றால் ஆளை மாற்றுங்கள்.

சில ஊர்களில் இது கட்டாயம். கலிபோர்னியாவில் பிள்ளைகளின் பொறுப்பு பற்றித் தகராறு என்றால், 1981 முதல் விசாரணைக்கு முன்பே சமரசத்துக்கு அனுப்புகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 முதல், சில விதிவிலக்குகள் தவிர, நீதிமன்றத்தில் மனுப் போடும் முன் சமரசம் பற்றிய விளக்கக் கூட்டம் ஒன்றுக்காவது போய்வர வேண்டும். உங்கள் ஊர் நடைமுறை என்ன என்று வக்கீலிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 1: போகலாமா என்று பாருங்கள்

அடி, மிரட்டல், கண்காணிப்பு இருந்த உறவு என்றால் ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்பது ஆபத்தான அறிவுரை. எதிரே இருப்பவர் முறைத்தாலே தலையாட்டிப் பழகியவர், அந்த அறையிலும் தலையாட்டத்தான் செய்வார். ஐரோப்பிய கவுன்சிலின் 2011 இஸ்தான்புல் உடன்படிக்கை, இத்தகைய வன்முறை நடந்த இடத்தில் சமரசத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்றே சொல்கிறது. நல்ல சமரசர் இருவரையும் முதலில் தனித்தனியாகச் சந்திப்பார். அப்போது மறைக்காமல் சொல்லுங்கள். பேச்சு வேண்டாம் என்று சொல்லலாம். பேசத்தான் வேண்டும் என்றால் ஆளுக்கொரு அறை, வந்துபோக வெவ்வேறு நேரம் என்று கேட்கலாம்.

படி 2: ஆளைப் பிடிப்பது

குடும்ப வழக்குகளில் பயிற்சி பெற்றவரா, கட்டணத்தை எப்படிப் பிரிப்பது, தனியாகச் சொல்வது அடுத்தவர் காதுக்குப் போகுமா என்று மூன்றையும் கேளுங்கள். ஒரு பக்கத்து உறவினரோ நண்பரோ எவ்வளவு நல்லவரானாலும் வேண்டாம்.

படி 3: காகிதம்

சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கடன், காப்பீடு, சொத்துப் பத்திரம், ஓய்வூதியக் கணக்கு. கடைசியாகச் சொன்னதைத்தான் பாதிப் பேர் மறந்துவிட்டு வருவார்கள். எதையும் மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால், போட்ட ஒப்பந்தமே கவிழ வாய்ப்புண்டு.

மாதச் செலவுப் பட்டியல் போடும்போது எல்லோரும் வாடகை, மளிகை, மின்கட்டணம் என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் பள்ளிக் கட்டணமும் காப்பீட்டுத் தவணையும் விட்டுப்போகும். அவற்றையும் கூட்டி 12 ஆல் வகுத்துச் சேருங்கள். அந்த ஒரு வரியால், கேட்க வேண்டிய தொகையே மாறிவிடும்.

படி 4: அறைக்குள்

‘வீடு எனக்குத்தான்.’ ‘இல்லை, விற்றுப் பாதிப் பணம் கொடு.’ இப்படியே விட்டால் பொழுது சாயும்வரை இதே இரண்டு வரிதான் ஓடும். எதற்காக என்று கேட்டால், ஒருவருக்குப் பிள்ளை பள்ளி மாறக் கூடாது, மற்றவருக்கு வேறு வீடு பார்க்க முன்பணம் வேண்டும். இப்போது பேச இடம் இருக்கிறது: படிப்பு முடியும்வரை ஒருவர் அங்கே இருக்கலாம், அதுவரை மற்றவருக்கு அவர் பங்கில் ஒரு பகுதியைக் கொடுத்துவரலாம், அப்புறம் விற்கலாம். ஆகவே உங்கள் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘எதற்காக’ என்று எழுதிக்கொண்டு போங்கள்.

கோபம் வரும். ‘கொஞ்சம் தனியாகப் பேசணும்’ என்று சமரசரிடம் சொல்லி எழுந்து வெளியே வருவதில் தப்பே இல்லை. ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள்.

படி 5: பிள்ளைகளின் பதினான்கு இரவுகள்

‘வாராவாரம் பார்க்கட்டும்’ என்பது ஏற்பாடே இல்லை. ஒரு தாளில் 14 கட்டம் போட்டு, ஒவ்வொரு இரவும் பிள்ளை எங்கே தூங்கும் என்று எழுதுங்கள். எழுதும்போதே கேள்விகள் கிளம்பும். புதன் மாலை பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது? கணக்கு நோட்டு அந்த வீட்டில் கிடந்தால்? ஆஸ்துமா மருந்து இரண்டு வீட்டிலும் இருக்கிறதா? கடவுச்சீட்டு யாரிடம்? வருவதாகச் சொன்ன நேரம் தாண்டி அரைமணி ஆனால்? அற்பமாகத் தெரியும். ஆனால் பின்னால் வாசற்படியில் நின்று கத்திக்கொள்வது இந்த அற்பத்துக்காகத்தான். பிறந்தநாளுக்கும் நீண்ட விடுமுறைக்கும் தனித் தாள் போடுங்கள்.

பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும். 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு அதை உரிமையாகவே சொல்கிறது. பயிற்சி பெற்ற சமரசர் பிள்ளையிடம் தனியாகப் பேசுவதும் உண்டு. ஆனால் முடிவெடுக்கும் பாரம் பெரியவர்களுடையது. ‘அம்மாவா, அப்பாவா?’ என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்க வேண்டாம்.

படி 6: எழுத்தில்

‘நியாயமான தொகை’, ‘வசதிப்படி’ போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். எவ்வளவு, எந்தத் தேதி, எந்தக் கணக்கில் என்று இருக்கட்டும். ஓராண்டு கழித்து, அல்லது யாருக்காவது வேலை போனால், மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்று ஒரு வரியும் சேருங்கள்.

அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து, உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். பல நாடுகளில், நீதிமன்றம் ஏற்று உத்தரவாக்கினால்தான் அந்தத் தாளுக்கு முழு வலு.

எல்லாம் முடியவில்லையா? பிள்ளைகள் விஷயம் முடிந்து வீடு மட்டும் இழுக்கிறது என்றால், முடிந்ததை எழுதிக்கொண்டு வீட்டை மட்டும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள். அறையில் பேசியதைப் பொதுவாக அங்கே சாட்சியாக்க முடியாது. பிள்ளைக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சமரசர் வாய் திறக்க வேண்டியிருக்கும். அதையும் முதல் நாளே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.