கை பிடிக்காத டார்ச்: ஒரு மீட்டர் எலாஸ்டிக்கில் தலைப்பட்டை தைக்கலாம்

பியூஸ் போய்விட்டால் ஒரு கையில் பியூஸ் கட்டை, மறு கையில் கம்பி, டார்ச் பல்லிடுக்கில். இல்லையென்றால் பக்கத்தில் ஒரு பிள்ளையை நிறுத்தி, "இங்கே காட்டு, கொஞ்சம் மேலே காட்டு" என்று சொல்லிக்கொண்டே வேலை பார்ப்போம். கூடாரக் கயிறு கட்டும்போதும் ராத்திரியில் பஞ்சர் ஒட்டும்போதும் இதே பாடுதான். குமரி மாவட்டத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டுகிறவர்களைப் பாருங்கள். வெளிச்சம் தலையில் இருக்கிறது, இரண்டு கையும் வேலையில் இருக்கின்றன.

கடையில் தலையில் மாட்டும் ஹெட்லைட் கிடைக்கும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சின்ன டார்ச்சுக்கே ஒரு பட்டை தைத்துக்கொள்ளலாம். இந்தப் பட்டையில் டார்ச்சைத் தாங்கும் துண்டு தனியாகக் கழன்று வரும். அதைத் தலை, பை வார், கூடாரக் கூரை என்று எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். வேலைக்கு டார்ச்சின் பவரைவிட, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதுதான் முக்கியம்.

எந்த டார்ச் சரிப்படும்?

ஒரே ஒரு பென்சில் பேட்டரி (AA) போடும் நேரான எல்.இ.டி. டார்ச் போதும். பேட்டரியோடு 60 கிராமுக்குள் இருக்கட்டும். 18650 என்ற தடித்த லித்தியம் பேட்டரி போடும் டார்ச் வேண்டாம். அந்தப் பேட்டரி மட்டுமே 45 கிராமுக்கு மேல் வரும். டார்ச்சும் சேர்ந்தால் பட்டை ஒரு பக்கமாக இறங்கிவிடும். அதைத் தாங்க உச்சந்தலை வழியாக இன்னொரு வார் வேண்டும்.

குறைந்த வெளிச்சத்தில் எரிய வைக்க முடிகிறதா என்று பாருங்கள். கைக்கெட்டும் தூரத்து வேலைக்கு 20 முதல் 50 லூமன் (டார்ச் தரும் வெளிச்சத்தின் அளவு) போதும். 300 லூமனை வெள்ளைச் சுவரில் அடித்தால் கண் கூசி, பக்கத்தில் நிழலாக இருக்கும் ஸ்குரூ தெரியாமல் போகும்.

வாங்க வேண்டியவை

தையல் சாமான் கடையில் எல்லாமே கிடைக்கும்:

- 25 மி.மீ. அகல எலாஸ்டிக், 1 மீட்டர். இழுத்தால் அகலம் குறுகாத நெய்த ரகம். நாடா போலப் பின்னிய ரகம் இழுக்க இழுக்க ஒடுங்கி நெற்றியை அறுக்கும்.
- 12 மி.மீ. அகல எலாஸ்டிக், 20 செ.மீ.
- 25 மி.மீ. அட்ஜஸ்டர் (வாரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் துண்டு) ஒன்று, அதே அளவில் சதுர வளையம் ஒன்று. இரண்டும் பிளாஸ்டிக்.
- 25 மி.மீ. அகல வெல்க்ரோ, 16 செ.மீ. தைக்கிற ரகமாகக் கேளுங்கள். பசை ஒட்டிய ரகம் சூட்டில் இளகி உரியும். தைக்கப்போனால் ஊசியிலும் பசை அப்பிக்கொள்ளும்.
- பாலியெஸ்டர் நூல். பழைய ஸ்கூல் பையிலிருந்து 6 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு. பழைய சைக்கிள் டியூப் கொஞ்சம்.

படி 1: பட்டை

25 மி.மீ. எலாஸ்டிக்கில் 70 செ.மீ. வெட்டுங்கள். ஒரு முனையை அட்ஜஸ்டரின் நடுக்கம்பியில் சுற்றி, 3 செ.மீ. மடித்துத் தையுங்கள். தையல் ஒரே கோடாக இருந்தால் நான்கு இழுப்பில் விட்டுப்போகும். சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறி போல இரண்டு தையல் போடுங்கள்.

மறு முனையைச் சதுர வளையத்தின் உள்ளே நுழைத்து வெளியே இழுங்கள். பட்டையைத் திருப்பி, அட்ஜஸ்டரின் ஒரு கண் வழியே ஏற்றி நடுக்கம்பியைத் தாண்டி அடுத்த கண் வழியே இறக்குங்கள். ஏற்கெனவே தைத்த மடிப்பின் மேலேயே இந்த அடுக்கும் போகும். ஸ்கூல் பை வாரில் இருக்கும் அமைப்புதான். ஒரு பையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே பிடிபடும். கடைசியில், பட்டை முறுக்கிக்கொள்ளவில்லை என்று பார்த்துவிட்டு, அந்த முனையை அதே சதுர வளையத்தின் எதிர்ப்பக்கக் கம்பியில் 3 செ.மீ. மடித்துத் தைத்துவிடுங்கள்.

புருவத்துக்கு மேலே தலைச்சுற்றளவு எடுங்கள். 56 செ.மீ. வந்தால் பட்டையின் சுற்றளவை 50 செ.மீ. அளவில் வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால்தான் பிடிப்பு இருக்கும். அதற்கு மேல் குறைத்தால் அரை மணியில் தலை வலிக்கும்.

படி 2: வெல்க்ரோவின் இடம்

அட்ஜஸ்டர் பின்னந்தலையில் இருக்கும்படி பட்டையை மாட்டுங்கள். வலது கையால் வேலை செய்கிறவர் இடது காதுக்கு முன்னால் சாக்பீஸால் குறி வைக்க வேண்டும். இடக்கைக்காரர் வலது பக்கம். வலது கை ஸ்குரூடிரைவரைப் பிடிக்கும்போது வெளிச்சமும் வலது பக்கத்திலிருந்தே வந்தால், சொந்தக் கையின் நிழல் ஸ்குரூ மேல் விழும். எழுதுகிறவர்கள் மேசை விளக்கை இடது பக்கம் வைப்பதும் இதற்காகத்தான்.

நேரான டார்ச்சை நெற்றி நடுவில் பட்டையோடு கட்டினால் அது பக்கவாட்டைத்தான் பார்க்கும். காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் கட்டினால்தான் முன்னால் பார்க்கும்.

குறி வைத்த இடத்தில் வெல்க்ரோவின் பஞ்சுப் பக்கத்தில் 8 செ.மீ. வைத்துச் சுற்றிலும் தையுங்கள். முள் பக்கம் இங்கே வரக்கூடாது. டார்ச் இல்லாமல் பட்டையைக் கழற்றும்போது முடியைப் பிடித்து இழுக்கும். எலாஸ்டிக்கை இழுக்காமல் தளர்வாகப் பரப்பி வைத்துத் தைக்க வேண்டும். இழுத்தபடி தைத்தால், விட்டதும் வெல்க்ரோ கூன் விழுந்து பாதி இடம் ஒட்டாது.

படி 3: டார்ச் பிடிக்கும் துண்டு

டார்ச்சைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி அளவெடுங்கள். 6 செ.மீ. வந்தால் பத்தில் ஒரு பங்கு கழித்து 5.4; முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற 1 செ.மீ. கூட்டி 6.4 செ.மீ. அந்த அளவில் 12 மி.மீ. எலாஸ்டிக்கை இரண்டு துண்டு வெட்டி, முனைகளை ஏற்றி வைத்து வளையமாக்குங்கள். ஸ்கூல் பைத் துண்டின் மேல் இரண்டு வளையங்களையும் 2.5 செ.மீ. இடைவெளி விட்டு, ஏறிய பகுதி மட்டும் துண்டில் படும்படி தையுங்கள். வளையம் முழுவதையும் தைத்துவிட்டால் டார்ச் நுழையாது.

துண்டின் பின்பக்கம் வெல்க்ரோவின் முள் பக்கத்தில் 5 செ.மீ. தைத்தால் முடிந்தது.

சைக்கிள் டியூபிலிருந்து 1 செ.மீ. அகலத்தில் ஒரு வளையம் வெட்டி டார்ச்சின் நடுவில் ஏற்றுங்கள். பெரிதாக இருந்தால் பிளந்து, இரண்டு சுற்று சுற்றி ஒட்டுங்கள். இது இல்லாவிட்டால் குனியும்போது வழவழப்பான டார்ச் வழுக்கிக் கீழே விழும்.

மாட்டிப் பார்ப்பது

நிமிர்ந்து நின்று கைகளை வயிற்றுக்கு முன்னால் வையுங்கள். தலையைக் குனியாமலே வெளிச்சம் கைகள் மேல் விழ வேண்டும். விழாவிட்டால் துண்டை உரித்து, முன்பக்கம் கொஞ்சம் தாழச் சாய்த்து ஒட்டுங்கள். இந்தச் சாய்வுக்காகத்தான் நேரடியாகத் தைக்காமல் வெல்க்ரோ வைத்தோம். இதைச் சரிசெய்யாமல் தலையைக் குனிந்தே வேலை பார்க்கிறவர்களுக்குக் கழுத்து வலிதான் மிஞ்சும்.

கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டார்ச்சின் முனை கண்ணாடிக்குப் பின்னால் நின்றால், வெளிச்சம் பிரேமில் பட்டுக் கண்ணுக்குள்ளேயே அடிக்கும். முனை பிரேமைத் தாண்டி முன்னால் நிற்கும்வரை டார்ச்சைத் தள்ளுங்கள்.

தலை எப்போதும் சரியான இடமல்ல

பாறையும் வேருமான பாதையில் நடக்கும்போது தலை வெளிச்சம் ஏமாற்றும். கண்ணும் விளக்கும் ஒரே உயரத்தில் இருப்பதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். தரை சமமாகத் தெரியும், கால் மடங்கும். துண்டைக் கழற்றி இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பை வாரில் அந்த உயரத்தில் 8 செ.மீ. பஞ்சு வெல்க்ரோ தைத்து வைத்தால் போதும். சின்னக் கல்லுக்குக்கூட நீள நிழல் விழும். கொடைக்கானல் போன்ற இடங்களில் மூடுபனியிலும் இதே வழிதான். தலையில் விளக்கு இருந்தால் கண்முன்னே வெள்ளைத் திரை விழுந்ததுபோல் ஆகிவிடும்.

மழைக்காலத்தில் ஈசல் கிளம்பும் நாளில் தலையில் விளக்கு போட்டால் அத்தனையும் மூக்கிலும் வாயிலும்தான். இடுப்புக்கு இறக்குங்கள்.

கூடாரத்துக்குள் எல்லாருக்கும் வெளிச்சம் வேண்டுமென்றால், தண்ணீர் நிரப்பிய வெள்ளை பிளாஸ்டிக் கேனில் பட்டையைச் சுற்றி, டார்ச் உள்நோக்கி அடிக்கும்படி கட்டுங்கள். கேன் முழுக்க ஒளிரும். கூடாரத் துணியில் டார்ச்சின் முகத்தை அழுத்தி வைக்காதீர்கள். முழு வெளிச்சத்தில் அது சூடேறும், துணி கெட்டுப்போகலாம்.

காந்தம் வைத்த டார்ச் பைக் டேங்க், இரும்பு பீரோ, கிரில் கேட் இவற்றுக்கு மிக வசதி. அலுமினியத்திலும் பல எவர்சில்வர் பரப்புகளிலும் ஒட்டாது. ஆனால் மின்பெட்டிக்குள் காந்த டார்ச்சை ஒட்டவே வேண்டாம். உலோக டார்ச் நழுவி இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்தால் ஷார்ட் ஆகும். பியூஸ் வேலைக்கு மெயினை அணைத்துவிட்டு, தலைப்பட்டையும் பிளாஸ்டிக் டார்ச்சும்தான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் காந்த டார்ச்சைச் சட்டைப் பையில் வைக்கக்கூடாது. நெஞ்சிலிருந்து 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். கேஸ் வாசனை வந்தால் டார்ச் சுவிட்சையும் அங்கே தட்டாதீர்கள்.

பேட்டரி

14500 என்ற லித்தியம் பேட்டரி பென்சில் பேட்டரியின் அதே அளவில் இருக்கும். அது 3.7 வோல்ட், சாதாரணப் பேட்டரி 1.5 வோல்ட். டார்ச்சில் 14500 போடலாம் என்று எழுதியிருந்தால் ஒழியப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் கருகிவிடலாம்.

பைக்குள் தானாக எரிந்து தீராமல் இருக்க, வாலில் சுவிட்ச் உள்ள பல உலோக டார்ச்சுகளில் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் போதும். அல்கலைன் பேட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி படியும். கையுறை போட்டு, பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் சாற்றையும் எடுத்து, நன்றாகக் காய்ந்தபின் புதுப் பேட்டரி போடுங்கள். ஸ்பிரிங் அரித்துப் போயிருக்காவிட்டால் டார்ச் மறுபடி எரியும்.