அரை மணிக்கு ஒரு ஆல்பம்: பங்க், ஃபோக், மெட்டல் கேட்கப் பழகுவது எப்படி?

"மெட்டல்னா காட்டுக்கத்தல், பங்க்னா வாசிக்கத் தெரியாதவங்க வாசிக்கிறது, ஃபோக்னா தூக்கம் வரும்." மேற்கத்திய இசையின் இந்த மூன்று வகைகளையும் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார் என் நண்பர். அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்டே ஆக வேண்டிய 100 ஆல்பங்கள் என்று யாரோ அவருக்குப் பட்டியல் அனுப்ப, இவர் ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டை 40 விநாடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவியிருக்கிறார். அப்படிக் கேட்டால் எனக்கும் இதே எண்ணம்தான் வந்திருக்கும்.

அவருக்குப் போட்டுக் கொடுத்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். நாலு ஆல்பம் முக்கியம், கூடவே இரண்டு மூன்று. நாலில் மூன்று அரை மணி நேரம்கூட ஓடாது. எல்லாவற்றிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனிக்கச் சொல்வேன்: கிட்டார் கம்பியைத் தட்டுகிற கை. பாடகர், பாட்டு வரி, முடி வளர்த்தவரா மொட்டை அடித்தவரா என்பதெல்லாம் பிறகு. அந்தக் கை என்ன செய்கிறது என்பதைக் காது பிடித்துவிட்டால், இந்த மூன்று வகையும் எங்கே பிரிகின்றன, எங்கே ஒட்டிக்கொள்கின்றன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 1: கேட்பதற்கு முன்

ஹெட்போன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில், கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் கேட்கவே கேட்காது. விலை உயர்ந்த ஹெட்போன் தேவையில்லை, ஆனால் இடது வலது பார்த்து மாட்டுங்கள். நான் பல மாதம் மாற்றி மாட்டிக்கொண்டு திரிந்தவன். அது எப்படித் தெரிய வந்தது என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். இன்னொன்று: பழைய ஆல்பங்களை மறுபடி வெளியிடும்போது கடைசியில் கூடுதல் பாட்டுகளைச் சேர்த்துவிடுகிறார்கள். விருந்து முடிந்து கை கழுவிய பிறகு மறுபடி இலை போடுகிற மாதிரி. அசல் ஆல்பம் எத்தனை பாட்டோடு முடிகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். எண்ணிக்கையை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஆல்பத்தையும் மூன்று முறை, மூன்று வேறு நாட்களில் கேளுங்கள். முதல் முறை சும்மா ஓடட்டும். இரண்டாம் முறை கையை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை நீங்களே எதையாவது கவனிக்க ஆரம்பித்திருப்பீர்கள்.

படி 2: ரமோன்ஸ், முதல் ஆல்பம் (1976)

இது பங்க். 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். ஒரு பாட்டுகூட 3 நிமிடத்தைத் தொடாது. நியூயார்க்கில் சுமார் 6,400 டாலர் செலவில், ஒரு வாரத்துக்குள் பதிவை முடித்துவிட்டார்கள். நாலு பேருக்கும் குடும்பப் பெயர் ரமோன். ஆனால் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை, சும்மா வைத்துக்கொண்ட பெயர்.

பதிவில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பேஸ் இடது காதில், கிட்டார் வலது காதில், டிரம்ஸும் குரலும் நடுவில். அதனால் இடது பக்கத்தைக் காதிலிருந்து எடுத்துவிட்டால் ஜானி ரமோனின் கிட்டார் பளிச்சென்று தனியாக வந்து நிற்கும். (என் குட்டு உடைந்தது இங்கேதான். "கிட்டார் இடதுல தானே இருக்கு" என்று ஒருவரிடம் கால் மணி நேரம் வாதாடினேன்.) ஒரு எச்சரிக்கை: பிற்காலச் சிறப்புப் பதிப்பில் மோனோ வடிவமும் உண்டு. அதில் இந்தப் பாகப்பிரிவினை இருக்காது. ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டான 'பிளிட்ஸ்கிரீக் பாப்' ஓடும்போது கிட்டாரோடு சேர்ந்து மேசை விளிம்பை மேலிருந்து கீழாக மட்டும் தட்டுங்கள். கீழிருந்து மேலே வரும்போது தொடக் கூடாது. இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமான பாட்டுதான். முடிவதற்குள் மணிக்கட்டு இறுகிவிடும். ஜானி வாசித்தது அப்படித்தான், எல்லா அடியும் கீழ்நோக்கி. மேலும் கீழுமாக அடித்தால் கை சுகமாகப் போகும், ஆனால் ஒலியில் ஒரு ஆட்டம் வந்துவிடும். கீழ்நோக்கி மட்டும் அடித்தால் ஒவ்வொரு அடியும் ஒரே எடை. ரம்பம் மாதிரி அறுக்கிற அந்தச் சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) தெரிந்தால் போதும், யாரும் பங்க் வாசித்துவிடலாம் என்பார்கள். கார்டைப் பொறுத்தவரை உண்மை. இந்தக் கையை அரை மணி நேரம் தளராமல் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

என் கருத்து: ஆல்பத்தின் பின்பாதி முன்பாதி அளவுக்கு இல்லை. பத்தாவது பாட்டுக்கு மேல் எது எது என்று குழம்பும். பரவாயில்லை, குழம்புவதற்குள் முடிந்துவிடும்.

படி 3: நிக் டிரேக், 'பிங்க் மூன்' (1972)

இது ஃபோக். 11 பாட்டு, 28 நிமிடம். இதை ரமோன்ஸ் கேட்ட அன்றே கேட்காதீர்கள். வீடு அடங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

1971 அக்டோபரில் லண்டனின் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில் இரண்டே இரவுகளில் பதிவானது. இதற்கு முந்தைய இரண்டு ஆல்பங்களிலும் வயலின் கூட்டம், பிற கலைஞர்கள் என்று நிறையப் பேர். இதில் அவரும் கிட்டாரும் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டும் மட்டுமே. தலைப்புப் பாட்டில் கொஞ்சம் பியானோ வரும், அதையும் அவரேதான் வாசித்தார். ஆல்பம் அப்போது விற்கவில்லை. 1974-ல் 26 வயதில் இறந்துபோனார். பல வருடம் கழித்து ஒரு கார் விளம்பரத்தில் தலைப்புப் பாட்டு வந்த பிறகுதான் கூட்டம் தேடி வந்தது.

இங்கே பிக் (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) கிடையாது, விரல்கள்தான். கட்டைவிரல் கீழ்ச்சுருதிக் கம்பிகளில் நடந்துகொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மேலே வேறு வேலை பார்க்கும். முதல் தடவை கேட்டபோது இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் முறை கேட்கும்போது கட்டைவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். குரல் வந்ததும் நழுவிவிடும், மறுபடி தேடிப் பிடியுங்கள். ஆல்பத்தின் நடுவில் 'ஹார்ன்' என்று பாட்டில்லாத ஒரு சின்னத் துண்டு வரும். பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

அடுத்து 'நோ' (Know) என்ற பாட்டு. நாலே ஸ்வரத்தில் ஒரு சின்ன உரு, அதுவே திரும்பத் திரும்ப. மேலே முனகலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களும். இதை மின்சாரக் கிட்டாரில், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு, பத்து மடங்கு சத்தமாக வாசிப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அசல் மெட்டல் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் உரு)! நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் படி 4 முடித்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

படி 4: பிளாக் சாபத், முதல் ஆல்பம் (1970)

இது மட்டும் அரை மணியைத் தாண்டும், 38 நிமிடம். ஆனால் பதிவு செய்ய ஒரே நாள்தான் எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து மெட்டல் குழு. வெளியான நாள் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை.

கிட்டார் வாசித்த டோனி அயோமி இடதுகைக்காரர். அதனால் தட்டுகிற கை இடது, கம்பியை அழுத்துகிற கை வலது. 17 வயதில், உலோகத் தகடு ஆலையில் கடைசி நாள் வேலையில், வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் இயந்திரத்தில் போய்விட்டன. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். அழுத்த வலிக்கும் என்பதால் மெல்லிய கம்பிகளைப் போட்டார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் பல பாட்டுகளில் கம்பிகளை மூன்று ஸ்வரஸ்தானம் கீழே தளர்த்திவிட்டார். தளர்ந்த கம்பியின் அந்தக் கனத்த ஒலிதான் பிறகு எத்தனையோ மெட்டல் குழுக்களுக்கு இலக்கணமாகிவிட்டது.

முதல் பாட்டில் மழை, இடி, தேவாலய மணி. பிறகு மூன்றே ஸ்வரம்: ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம். மூன்றாவது ஸ்வரத்தில் ஒரு நடுக்கம். அவ்வளவுதான் ரிஃப். வீணை கற்ற என் அக்கா இதைக் கேட்டுவிட்டு, "கல்யாணியில வர்ற அதே ம தானேடா, அதுக்கா இப்படிப் பயப்படுறாங்க?" என்றாள். ஸ்வரம் அதேதான். ஆனால் கல்யாணியில் அந்த மத்யமத்துக்கு முன்னே காந்தாரமும் பின்னே பஞ்சமமும் துணைக்கு நிற்கும். இங்கே வழியில் யாருமே இல்லை. ச-விலிருந்து நேரே அதன்மேல் குதித்து, அங்கேயே நின்று நடுங்குகிறது. அந்தத் தனிமைதான் திகில்.

கையைக் கவனியுங்கள். ரமோன்ஸ் நூறு அடி அடிக்கிற நேரத்தில் இவர் மூன்று அடி அடித்துவிட்டு ஒலி சாகும்வரை காத்திருக்கிறார். நாலரை நிமிடம் தாண்டியதும் குதிரை ஓட்டம் பிடிக்கும். அந்த மாற்றத்துக்காகவே முன்பகுதியைத் தள்ளாமல் கேளுங்கள். அடுத்த பாட்டில் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் மவுத் ஆர்கன் ஊதுகிறார். மெட்டல் ஆல்பத்தில் மவுத் ஆர்கனா என்று கேட்காதீர்கள், அப்போது அவர்கள் தங்களை, மவுத் ஆர்கன் சகஜமாக வரும் ப்ளூஸ் இசைக்குழுவாகத்தான் பாதி நினைத்துக்கொண்டிருந்தார்கள். 'ஈவில் வுமன்' வேறொரு குழுவின் பாட்டு. இந்த ஆல்பத்தில் ஒட்டவில்லை, தாவிவிடலாம். தாவக் கூடாது என்று சொன்ன நானே விலக்கு தருகிறேன்.

படி 5: ஸ்லேயர், 'ரெய்ன் இன் பிளட்' (1986)

இதுவும் மெட்டல்தான். 10 பாட்டு, 29 நிமிடம். சத்தத்தைப் பாதியில் வையுங்கள், காது உங்களுடையது. வரிகள் கொடூரமானவை. முதல் பாட்டு நாஜி மருத்துவன் மெங்கலேயைப் பற்றியது. அதன் காரணமாகவே ஒரு பெரிய நிறுவனம் ஆல்பத்தை விநியோகிக்க மறுத்தது. மனசு கேட்காது என்றால் இந்தப் படியை விட்டுவிட்டு, அதே வருடம் வந்த மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கேளுங்கள். 8 பாட்டுதான், ஆனால் ஏறக்குறைய 55 நிமிடம். தலைப்புப் பாட்டில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கையைப் பிடித்துப் பாருங்கள்: ஜானி ரமோனின் அதே கீழ்நோக்கு அடி! மேசை விளிம்பு தழும்பேறியிருந்தால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஸ்லேயரிடம் வேறு கணக்கு. இவ்வளவு வேகத்தில் கீழ்நோக்கி மட்டும் அடிக்க எந்த மணிக்கட்டாலும் ஆகாது. மேலும் கீழுமாகத் தேனீ மாதிரி அதிரும். முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாகத் தெரியும். அப்போது கிட்டாரை விட்டுவிட்டு டேவ் லொம்பார்டோவின் டிரம்ஸைப் பிடியுங்கள். தாளம் பிடிபட்டதும் கிட்டார் தானாக வரிசையில் வந்து நிற்கும். கிட்டார் தனித்து வாசிக்கும் சோலோக்களில் ராகம் தேடாதீர்கள், கிடைக்காது. கீச்சென்று அலறுவதுதான் அவற்றின் வேலை.

தயாரிப்பாளர் ரிக் ரூபின் அதுவரை ஹிப் ஹாப்பில் பெயர் வாங்கியவர். ஸ்லேயரின் முந்தைய ஆல்பத்தில் குகைக்குள் வாசிப்பது போன்ற எதிரொலி இருந்தது. அதைத் துடைத்து எடுத்துவிட்டார். குழு உங்கள் முகத்துக்கு நேரே ஓரடி தூரத்தில் நிற்கிறது. 'பிங்க் மூன்' கேட்டபோதும் இதே நெருக்கம் இருந்ததல்லவா? கேசட்டில் ஒரே பக்கத்தில் ஆல்பம் முழுதும் அடங்கிவிட்டதால், மறுபக்கத்திலும் அதையே பதிந்து விற்றார்கள். நான் சொன்ன மூன்று முறைக் கணக்கு ஒன்றும் அதிகமில்லை.

படி 6: ஒட்டும் இடங்கள்

ஃபோக் சாந்தமான இசை என்ற எண்ணம் இன்னும் மிச்சமிருந்தால் ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் 'லீஜ் அண்ட் லீஃப்' (1969) கேளுங்கள். பதிவானது அதே சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோ. அந்த வருடம் மே மாதம் வேன் விபத்தில் தங்கள் டிரம்மரைப் பறிகொடுத்த குழு, சில மாதத்தில் இதைச் செய்தது. இதில் 'மேட்டி குரோவ்ஸ்' ஒரு பழைய கதைப்பாட்டு. பிரபுவின் மனைவி ஒரு வாலிபனை வீட்டுக்கு அழைக்க, வேலைக்காரன் போட்டுக்கொடுக்க, பிரபு வந்து வாளால் அவனை வெட்ட, "உன்னைவிட இந்தப் பிணமே மேல்" என்கிற தொனியில் அவள் பதில் சொல்ல, அவளும் சாகிறாள். ஸ்லேயருக்குக் குறைந்த ரத்தம் இல்லை. சாண்டி டென்னி இதையெல்லாம் குரலை உயர்த்தாமல் பாடுவார். கதை முடிந்த பிறகுதான் ஃபிடிலும் கிட்டாரும் வெறி பிடித்து ஓடும்.

பங்க்கும் ஃபோக்கும் கட்டிப் புரள்வதைக் கேட்க, தி போக்ஸின் 'ரம், சோடமி அண்ட் தி லாஷ்' (1985). அக்கார்டியன், பான்ஜோ, தகரக் குழல் எல்லாம் ரமோன்ஸ் அவசரத்தில் ஓடும். ஷேன் மகாவனின் குரல் சுத்தமில்லை, சுருதி அங்கங்கே நழுவும். என் பட்டியலில் இதுதான் முதலிடம். காரணம் கேட்டால் கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டுவேன்: முதல் உலகப் போரின் கலிபோலிச் சண்டையில் காலிழந்த சிப்பாயின் கதை, 8 நிமிடத்துக்கு மேல், அவசரமெல்லாம் அடங்கி.

படி 7: கடைசிப் பயிற்சி

இரண்டே பாட்டை வரிசையில் போடுங்கள். முதலில் ஸ்லேயரின் பத்தாவது பாட்டு. ரிஃப் வெடித்துச் சிதறி முடிந்ததும் கிட்டார் ஓய்ந்து, மழை மட்டும் பெய்துகொண்டிருக்கும். நிறுத்தாதீர்கள். அடுத்ததாக பிளாக் சாபத் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. அதுவும் மழையில்தான் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே 16 வருடம். கண்ணை மூடிக்கொண்டால் எந்த மழை எங்கே முடிந்தது என்று சொல்வது கஷ்டம், அந்த மணி அடிக்கும் வரை.