ஒரே சிலிண்டர் சூடாகிறதா? வெயிலைத் திட்டாதீர்கள்

கத்திரி வெயிலில் மீனம்பாக்கத்திலிருந்து ஏறும் சிறிய விமானத்தின் எஞ்சினில் மூன்றாம் சிலிண்டர் மட்டும் கொதித்தால், "சென்னை வெயில் சார், வேற என்ன?" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். முதல் தவறே அதுதான். வெளிக்காற்று சூடானால் நான்கு சிலிண்டரும் சேர்ந்துதான் ஏறும். ஒன்று மட்டும் தனியாக ஏறினால் கோளாறு அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

சிலிண்டர் சூட்டைக் காட்டும் மீட்டரை அப்படியே நம்பி சிலிண்டரைக் கழற்றுவது அடுத்த தவறு. சூட்டை அளக்கும் ப்ரோபைப் பக்கத்து சிலிண்டரின் ப்ரோபோடு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சூடும் இடம் மாறினால் சிலிண்டர் நிரபராதி. பிளக்குக்கு அடியில் வாஷர் போல உட்காரும் ப்ரோப் பொதுவாகக் கூடுதலாகவே காட்டும். அதை மற்ற வகையோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

பேஃபிளை, அதாவது காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பும் தகடுகளை, டார்ச் அடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு 'ஓகே' போடுவதுதான், என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு. முன்னால் நுழையும் காற்று சிலிண்டர்களின் மேல் தேங்கி, அவற்றின் ஃபின்களுக்கு (மெல்லிய உலோக மடிப்புகளுக்கு) நடுவே கீழே இறங்கினால்தான் சூடு குறையும். பேஃபிளின் ஓரத்து ரப்பர் காற்று அழுத்தும் பக்கமாக, அதாவது உள்பக்கமாக, வளைந்திருக்க வேண்டும். பின்னால் மடங்கிக் கிடந்தால் காற்று அந்த வழியே ஓடிவிடும். கழற்றிய எஞ்சின் மூடியைத் திருப்பிப் பாருங்கள்: ரப்பர் உரசிய கறுப்புத் தடம் ஒரு கோடாக இருக்கும். கோடு விட்டுப்போன இடத்தில்தான் காற்று ஒழுகுகிறது. சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கும் தகட்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அது தளர்ந்தாலும் இதே கதைதான்.

அப்புறம் எரிபொருள். சிலிண்டருக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் பைப் இணைப்பில் எரிபொருளின் நீலக் கறை தெரிந்தால் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். அங்கே புகும் காற்று அந்த ஒரு சிலிண்டரின் கலவையை மட்டும் மெலிதாக்கும். த்ராட்டில் குறைவாக இருக்கும்போதுதான் இதன் பாதிப்பு அதிகம். இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் முழு பவரில் சூடேறினால் எரிபொருளைத் தெளிக்கும் நாசிலில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிளக் ஒன்று செத்துவிட்டதால் சூடாகிறது என்பதும் தவறான கணிப்பு. அப்போது ஹெட் (சிலிண்டரின் தலைப்பகுதி) சூடு குறையும், புகைக்குழாய்ச் சூடுதான் ஏறும்.

லைகமிங் நிறுவனத்தின் ஓ-320 எஞ்சினில் ஹெட் சூட்டுக்கான சிவப்புக் கோடு, அதாவது தாண்டக் கூடாத அளவு, 500 டிகிரி ஃபாரன்ஹீட். அதற்குக் கீழேதானே என்று 480-இல் ஓட்டாதீர்கள். எஞ்சின் நெடுநாள் உழைக்க 435-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது லைகமிங்தான். ஏறும்போது சூடானால் மிக்ஸ்சரை முழு ரிச்சில் (கலவையில் எரிபொருள் அதிகமாக) வைத்து, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகம் எடுங்கள்.

ஹெட் சூடு மளமளவென்று ஏற, புகைக்குழாய்ச் சூடு இறங்கினால் அது ப்ரீ-இக்னிஷனாக, அதாவது பிளக் பொறி விடும் முன்பே கலவை பற்றிக்கொள்வதாக, இருக்கலாம். அப்போது காரணம் தேடிக்கொண்டு பறக்கக் கூடாது. உடனே பவரைக் குறைத்து, மிக்ஸ்சரை ரிச் ஆக்கி, இறங்கிவிடுங்கள். உரிமம் பெற்ற எஞ்சினியர் போரஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் சிறு கேமரா) விட்டு பிஸ்டனைப் பார்க்காமல் அந்த எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.